தினம் ஒரு கைப்பிடி: அத்தியாயம் 14 – வீட்டுப் பருப்பு

பேரம் பாதியில் நிற்கும்போது பல்லுக்காரர் எழுந்து போனதாகச் சரித்திரமே இல்லை. போன வாரம்தான் முதல் தடவையாகப் போனார். அதுவும் எழுந்து போகவில்லை, விழுந்து போனார். எதிராளி மூட்டைக்கு விலை சொல்லி வாயை மூடவும், இவர் வாயில் பாதி கடித்த பாதாமோடு தராசின் மேல் சாயவும் சரியாக இருந்தது. விலையைக் கேட்டு மயங்குவதுபோல் நடிக்கிறார் என்று நினைத்த எதிராளி, அவசரமாகக் கொஞ்சம் குறைத்துக்கூடச் சொன்னாராம்.

பல்லுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். முந்திரி, பாதாம், பிஸ்தா, அக்ரூட், கடலை என்று ஓட்டுக்குள் இருக்கிற எதையும் மொத்தமாகவும் சில்லறையாகவும் விற்கிற தெரு அது. அவர் மூட்டையைப் பிரித்து நடுவில் கைவிட்டு ஒரே ஒரு பருப்பை எடுப்பார். முன்பல்லால் இரண்டாக்கி நாக்கில் உருட்டுவார். போன வருஷத்துச் சரக்கா, கப்பலில் வியர்த்ததா, மழையில் நனைந்து காய்ந்ததா, எல்லாம் சொல்லிவிடுவார். பிடித்தால் மெல்லுவார். பிடிக்காவிட்டால் துப்புவார். அந்தத் துப்பலுக்கு மேல் அப்பீல் கிடையாது.

அப்படிப்பட்டவரின் கண் மஞ்சளாகி, வயிறு மட்டும் ஊதி, கை கால் குச்சியாகிக் கிடந்ததை நாம் பார்த்தோம். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் இன்னும் கொஞ்சம் எடுத்தார்கள். "சரக்கைப் பாக்காம சாம்பிளே இவ்வளவு எடுத்தா எப்படி?" என்று அவர் நர்ஸிடம் கேட்டது ஆஸ்பத்திரி முழுக்கப் பரவியிருந்தது.

இன்று காலை முடிவு சொல்லும் நாள். மூத்த மகன், வீட்டுக்கும் கடைக்கும் 'பெரியவன்', கட்டிலின் தலைமாட்டில் நின்றான். அம்மாவை வர வேண்டாம் என்று சொல்லியிருந்தான். ஏன் சொன்னோம் என்று அவனுக்கே தெரியவில்லை.

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர் உட்கார்ந்தாலே விலை ஏறப்போகிறது என்று பெரியவனுக்குத் தோன்றியது.

"குடிப்பீங்களா?"

"விசேஷ வீட்டுல குடுக்கிற ஜூஸைக்கூட வேண்டாம்பேன்."

"சிகரெட்?"

"பக்கத்துல ஒருத்தன் பத்த வெச்சா, நான் இருமுற இருமல்ல அவனே அணைச்சுடுவான்."

"அப்ப தினமும் என்னதான் சாப்பிடுறீங்க? விடாம சாப்பிடுறது ஏதாவது இருக்கா?"

தலையணையை முதுகுக்குக் கொடுத்து அவர் நிமிர்ந்தார். கல்லாவில் உட்காரும் தோரணை வந்துவிட்டது.

"நல்லா கேட்டீங்க டாக்டரம்மா. பருப்பு. தினம் ஒரு கைப்பிடி. ஒரு நாள் தவறினதில்ல. நான் மட்டுமில்ல, எங்க வீட்டுல நண்டு சிண்டு வரைக்கும். இதயத்துக்கு நல்லது, மூளைக்கு நல்லது, கெட்ட கொழுப்பைக் கரைக்கும். ஊருக்கே நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"நல்ல பழக்கம்தான். உங்க இதயம் உங்க வயசுக்கு ரொம்ப நல்லாவே இருக்கு." டாக்டரம்மா எழுதிக்கொண்டே கேட்டார். "கடையில விக்கிற பருப்புதானே?"

அவர் சிரித்தார். விவரம் இல்லாத வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"விக்கிற சரக்கை வீட்டுக்கு எடுத்துட்டுப் போனா அது கல்லாவுல கை வைக்கிற மாதிரி. நாங்க திங்கிறது வேற. மேசையில கொட்டிப் பொறுக்கும்போது ஒதுங்கும் பாருங்க, சுருங்கினது, கறுத்தது, ஓட்டை விழுந்தது. அந்தச் சொத்தையை நான் வெளிய விடமாட்டேன். மிட்டாய்க்காரனுங்க வந்து கெஞ்சுவானுங்க, அரைச்சுட்டா எவனுக்குத் தெரியப்போகுதுன்னு. விரட்டி விட்டுருவேன். ஜனங்க வாயில போற பொருள்ல அந்த வேலை நம்மகிட்ட நடக்காது. எல்லாம் நேரா வீட்டுக்குப் போயிடும். வீட்டம்மா கழுவி, காயவெச்சு, வறுத்து, பொடி பண்ணி வெச்சுடுவா. காலையில ஆளுக்கு ஒரு டம்ளர் பால், ரெண்டு கரண்டி பொடி."

டாக்டரம்மாவின் பேனா நின்றது.

"அந்தச் சொத்தையில பச்சையாவோ சாம்பல் மாதிரியோ தூள் படிஞ்சிருக்குமா?"

"இருக்கும். துணியால துடைச்சுடுவா. சுத்தக்காரி."

டாக்டரம்மா பேனாவை மூடினார். மூடிய சத்தம் சின்னதுதான். பெரியவனுக்கு மட்டும் அது கடை ஷட்டர் விழுந்ததுபோல் கேட்டது.

அப்புறம் அவர் சொன்னதை, நல்ல டாக்டர்கள் சொல்வதுபோல், நிதானமாகவே சொன்னார். ஈரத்தில் கெட்ட பருப்பில் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் ஒரு விஷத்தை விட்டுவைக்கும். கழுவினாலும் வறுத்தாலும் அரைத்தாலும் அது முழுசாகப் போகாது. கொஞ்சம் கொஞ்சமாக, வருஷக்கணக்கில் உள்ளே போனால் அது போய் உட்காரும் இடம் கல்லீரல். அங்கேதான் இப்போது புற்றுக்கட்டி வளர்ந்திருக்கிறது.

"இதுதான் காரணம்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. உங்க ரத்தத்துல பழைய மஞ்சள்காமாலை வைரஸும் இருக்கு, உங்களுக்கே தெரியாம ரொம்ப காலமா. அது தனியா வந்தாலே ஆபத்து. இதுவும் சேர்ந்தா பல மடங்கு. வீட்டுல எல்லாரும் ரத்தம் குடுத்துப் பாத்துடணும். அந்தப் பொடியை இன்னிக்கே நிறுத்திடுங்க. நல்ல பருப்பு தாராளமா சாப்பிடலாம். அதுல எந்தத் தப்பும் இல்ல."

பல்லுக்காரர் சிறிது நேரம் தன் வயிற்றைப் பார்த்தார். அது யாரோ அவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போன மூட்டை மாதிரி போர்வைக்குள் இருந்தது.

"கடைசி விலை என்ன, டாக்டரம்மா?"

"என்ன கேக்கிறீங்க?"

"சுத்தி வளைக்காம கடைசி விலையைச் சொல்லுங்க. அடுத்த அறுவடைக்குப் புது வரத்து வர்ற வரைக்கும் இருப்பேனா?"

"நான் நாள் கணக்குச் சொல்றதில்ல. ஆபரேஷன் பண்ற கட்டம் தாண்டிருச்சு. கட்டி வளர்றதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம். வலி இல்லாம பாத்துக்கலாம்."

"புது வரத்து?"

"முயற்சி பண்ணலாம்."

"முயற்சி பண்ணலாம்னா எங்க தெருவுல இல்லைன்னு அர்த்தம்" என்றார் அவர். டாக்டரம்மா அவர் தோளை ஒரு தரம் தொட்டுவிட்டுப் போனார்.

அறையில் அப்பாவும் மகனும் மட்டும். வெளியே யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.

பெரியவனுக்குக் கேட்க ஒன்றுதான் இருந்தது. கேட்டுவிட்டான்.

"உங்களுக்குத் தெரியலையாப்பா? உங்க நாக்குக்குமா தெரியல?"

அவர் தண்ணீர் கேட்டார். வாங்கி வாயில் வைத்து, பருப்பை உருட்டுவதுபோல் இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்கும் உருட்டினார். அப்புறம் விழுங்கினார்.

"இங்க பாரு. இது உங்கம்மா காதுக்குப் போகக்கூடாது."

"அப்பா..."

"சாகப்போறவன் நான். சரக்கு என்னுது, வாய் என்னுது. அவ கையில இந்தப் பழியைக் குடுத்துட்டுப் போனேன்னா, அப்புறம் அவ அடுப்புப் பக்கமே போகமாட்டா. தன் கையால தண்ணி மொண்டு குடிக்கக்கூட யோசிப்பா. உனக்கு அவளைத் தெரியாது."

"பொடியை எப்படி நிறுத்துறது? சுண்டுகூடக் குடிக்குதுப்பா."

பேத்தியின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

"இன்னிக்கே நிறுத்து. ஆனா பொய் சொல்லி நிறுத்து. என்ன சொல்லுவியோ தெரியாது. வியாபாரிக்குப் பிறந்தவன்தானே நீ? ஒரு பொய்யை வித்துட்டு வர முடியாதா?"

அவன் தலையை ஆட்டினான். அந்த வீட்டில் தலையாட்டினால் கையெழுத்துப் போட்ட மாதிரி.

---

கடைச் சுவரில் ஆள் உயரத்துக்கு எழுதியிருந்தது: 'தினம் ஒரு கைப்பிடி. இதயத்துக்கு இரும்பு வேலி.' அப்பா சொல்லச் சொல்ல, பெயின்டர் ஏணியில் நின்று எழுதியது. எந்த உறுப்புக்கு என்ன வேலி என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை.

பெரியவன் வண்டியை நிறுத்தும்போது, தன் வலது விலாவுக்குக் கீழே கை போயிருப்பதைக் கவனித்தான். சிக்னலில் நின்றபோதே போயிருக்க வேண்டும். எடுத்துக்கொண்டான்.

உள்ளே கண்டக்டர் காத்திருந்தார். பஸ்ஸை விட்டு எப்போதோ இறங்கியவர். விசில் மட்டும் இன்னும் சட்டைப் பையில்.

"வா தம்பி. அப்பாவுக்கு எப்படி இருக்கு?"

"பாத்துட்டு இருக்காங்க."

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. அவர் பேச்சைக் கேட்டுத்தானே நான் இதைத் தின்ன ஆரம்பிச்சேன்? அப்ப மாடி ஏறினா மூச்சு வாங்கும். இப்பப் பாரு, கொழுப்பு இறங்கிருச்சு, தொப்பை இறங்கிருச்சு. வீட்டுல மட்டும்தான் மதிப்பு ஏற மாட்டேங்குது. எப்பவும் போல பாதாமும் அக்ரூட்டும் போடு."

பெரியவன் எடை போட ஆரம்பித்தான். வழக்கமாகக் கரண்டியால் அள்ளிப் போடுகிறவன், இன்று பருப்புப் பருப்பாகப் பார்த்துப் போட்டான். ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பினான். ஒன்றை முகர்ந்தான்.

"என்னப்பா, மாப்பிள்ளை பாக்கிற மாதிரி பாக்கிறே?"

"வீட்டுல காத்துப் போகாத டப்பாவுல வைங்க அண்ணே. முடிஞ்சா ஃபிரிட்ஜ்ல. கொஞ்சம் கசந்தாலும், மக்கின வாசம் அடிச்சாலும் தூக்கிப் போட்டுடுங்க. காசு போகுதேன்னு பாக்காதீங்க."

"தூக்கிப் போட்டா திரும்ப உன்கிட்டதானே வந்து வாங்கணும்? நல்ல தந்திரம்டா." கண்டக்டர் சிரித்துக்கொண்டே போனார்.

அப்பா இருந்திருந்தால் அந்தச் சிரிப்புக்கு ஒரு பதில் சிரிப்பு சில்லறையாகப் போயிருக்கும். மகனிடம் சில்லறை இல்லை.

அவன் நேராகப் பின்கட்டுக்குப் போனான். நீள மேசையைச் சுற்றிப் பெண்கள் உட்கார்ந்து முந்திரி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நல்லது வலப்பக்கம், உடைசல் இடப்பக்கம், சொத்தை காலடியில் இருந்த தகர டப்பாவில். ஒரு காலத்தில் பிஸ்கட் வந்த டப்பா. மூடியில் இருந்த குழந்தையின் முகம் தேய்ந்து, சிரிப்பு மட்டும் பாக்கி.

அவன் அதைத் தூக்கினான்.

"என்ன முதலாளி, எங்க எடுத்துட்டுப் போறீங்க?" மேசைக்குத் தலைவி மாதிரியான கண்ணாடியக்கா கேட்டாள். அவன் அம்மா அந்த மேசைக்குப் பெரியம்மா.

"கொட்டப் போறேன்."

"கொட்டவா! பெரியம்மா வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? அது உங்க வீட்டுப் பருப்பாச்சே!"

அதுதான் விஷயம். மேசையில் அதற்குப் பெயர் சொத்தை. வாசலைத் தாண்டியதும் அதற்குப் பெயர் வீட்டுப் பருப்பு. இத்தனை வருஷத்தில் வழியில் அது எங்கே பெயர் மாற்றிக்கொண்டது என்று யாரும் பார்க்கவில்லை.

அவன் டப்பாவைச் சாக்கடைக்குப் பக்கத்தில் கவிழ்த்தான். கொட்டினால் மட்டும் போதாது. அந்தத் தெருவில் குப்பைக்கும் கிராக்கி உண்டு. சாயங்காலத்துக்குள் யாராவது அள்ளிக்கொண்டு போய் மிட்டாய்க்காரனிடம் விற்றுவிடுவான். கழிப்பறையிலிருந்து பினாயில் பாட்டிலை எடுத்து வந்து குவியலின் மேல் முழுசாக ஊற்றினான். பருப்பு வெள்ளை வெள்ளையாக நுரைத்தது.

பின்னாலேயே வந்து நின்ற கண்ணாடியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். "என்னங்க ஆச்சு? பெரியம்மா முந்தாநாள்தானே வந்து, பக்கத்துல உக்காந்து, இதுலயே நல்லதா பொறுக்கி எடுத்துட்டுப் போனாங்க?"

"எவ்வளவு?"

"ரெண்டு ஜாடி பொடி ஆகும்னாங்க. ஒண்ணு வீட்டுக்கு. இன்னொண்ணு சின்னம்மாவுக்கு. மாசமா இருக்கிற புள்ளைக்குச் சத்து வேணுமே, வேன் அந்தப் பக்கம் போகும்போது குடுத்தனுப்பணும்னு சொன்னாங்க."

சின்னவள், அவன் தங்கை. கல்யாணமாகி வேற ஊரில் இருக்கிறாள். பல வருஷம் ஏமாந்து, கோயில் குளம் ஆஸ்பத்திரி என்று எல்லா வாசலும் ஏறி இறங்கி, இப்போதுதான் ஒன்று தங்கியிருக்கிறது.

பினாயில் கையோடு அவளுக்குப் போன் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர். வகுப்பு நேரத்தில் போனைப் பைக்குள் போட்டுப் பூட்டிவிடுவாள். அடுத்து வேன் டிரைவருக்குப் போட்டான்.

"ஜாடிதானே? காலையிலயே குடுத்துட்டேனே முதலாளி" என்றார் டிரைவர், நல்ல பெயர் வாங்கும் குரலில். "அவங்க ஸ்கூலுக்குக் கிளம்பிட்டு இருந்தாங்க. வாசல்லயே வாங்கிக்கிட்டாங்க. அம்மா அனுப்பினதுன்னு சொன்னதும் முகத்தைப் பாக்கணுமே!"

---

வீட்டுக்குள் நுழைந்தபோது வெயில் சமையலறை ஜன்னலில் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. மிக்சி அப்போதுதான் நின்றிருந்தது. அரைத்த சூட்டின் வாசம் வீடு முழுக்க. அந்த வாசத்தில்தான் அவன் பள்ளிக்கூடம் போனான், பரீட்சை எழுதினான், மீசை வளர்த்தான். வாசமா அது? இன்றைக்கு முதல் தடவையாக மூக்கைச் சுளித்தான்.

அம்மா பொடியை ஜாடியில் தட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவன் மனைவி. கீழே முக்காலியில் சுண்டு, டம்ளருக்குள் முகத்தை விட்டுக்கொண்டு.

"காலையில குடுக்கலையேன்னு இப்பக் குடுத்தேன்" என்றாள் அம்மா. "ஆஸ்பத்திரியில என்ன சொன்னாங்க?"

அவன் மனைவியைப் பார்த்துக் கண்ணைக் காட்டினான். அவள் ஏன் எதற்கு என்று கேட்காமல் குழந்தை கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா, நான் பாதி குடிச்சுட்டேன்" என்றது சுண்டு, பாராட்டை எதிர்பார்த்து.

"போய் விளையாடு."

அம்மா அந்த டம்ளரையே பார்த்தாள். அப்புறம் மகனைப் பார்த்தாள்.

அவன் வழியெல்லாம் கட்டிக்கொண்டு வந்த பொய்யைப் பிரித்தான்.

"அம்மா, அந்தப் பொடியை இனிமே யாருக்கும் குடுக்காதே. கிடங்குல பூச்சி மருந்து அடிச்சாங்க. ஒதுக்கிப் போட்ட பருப்புல எல்லாம் பட்டுருச்சு."

"எப்ப அடிச்சாங்க?"

"போன வாரம்."

"போன வாரம் பூரா நீ ஆஸ்பத்திரியில இருந்தே."

"ஆளுங்க அடிச்சாங்க."

"சரி." அவள் மேல் தட்டிலிருந்து இன்னொரு ஜாடியை இறக்கினாள். "அப்ப இதைக் குடுக்கலாம். இது போன மாசம் அரைச்சது."

"அதுவும் வேண்டாம்."

"அதுக்குள்ள மருந்து எப்படி வந்துச்சு? நடந்து வந்துச்சா?"

மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பாள்.

"கிடங்குல மருந்து பட்டா சொத்தைக்கு மட்டுமா படும்?" அம்மா விடவில்லை. "விக்கிற சரக்கும் அங்கதானே இருக்கு? கடையை மூடினியா?"

"இல்ல."

"அப்ப மருந்து பட்ட பருப்பை ஜனங்களுக்கு எடை போட்டுக் குடுத்துட்டு வந்தியா? உங்கப்பா காதுல விழுந்தா படுக்கையை விட்டு எந்திரிச்சு வந்து அறைவாரு."

ஆமாம் என்று அவன் ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பொய் விலைபோயிருக்கும். அவள் திட்டித் தீர்த்திருப்பாள், ஜாடிகள் குப்பைக்குப் போயிருக்கும், அப்பாவுக்குக் கொடுத்த வாக்கும் நின்றிருக்கும். ஆனால் கெட்ட சரக்கை விற்றேன் என்று சொல்ல அந்த நாக்கு பழகவில்லை. அப்பா வளர்த்த நாக்கு. பொய்யாகக்கூட அது வரவில்லை.

அம்மா ஜாடியைக் கீழே வைத்தாள்.

"சின்ன வயசுலேருந்தே நீ இப்படித்தான்டா. பொய்யைக் கொண்டாந்து வெச்சுட்டு, முதல் கேள்விக்கே விலையை இறக்கிடுவே. என்ன சொன்னாங்க டாக்டர்?"

"நாளைக்கு நாம எல்லாரும் ரத்தம் குடுக்கணுமாம். ஏதோ வைரஸ் இருக்கான்னு பாக்கணுமாம். அவ்வளவுதான்."

"வைரஸுக்கும் பொடிக்கும் என்ன சம்பந்தம்?"

குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

"தினமும் என்ன சாப்பிடுறீங்கன்னு கேட்டிருப்பாங்க" என்றாள் அம்மா, தனக்குள் பேசுவதுபோல். "அவர் பெருமையா சொல்லியிருப்பாரு. எங்க வீட்டம்மா கழுவி, வறுத்து, பொடி பண்ணி... அதைத்தானே போற வர்றவன்கிட்ட எல்லாம் சொல்லுவாரு? அதுக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மா, வேண்டாம்."

"என்ன சொன்னாங்கன்னு கேட்டேன்."

அவன் சொல்லவில்லை. சொல்லாததிலேயே எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது. அம்மாவும் வியாபாரி வீட்டுக்காரிதான். எதிராளி எதைச் சொல்லாமல் விடுகிறான் என்பதில்தான் விலை இருக்கிறது என்று தெரிந்தவள்.

அவள் ஜாடிக்குள் இரண்டு விரலை விட்டுக் கொஞ்சம் பொடியை எடுத்தாள். வாயில் போட்டுக்கொண்டாள்.

"அத்தை!" என்றாள் மருமகள்.

அந்த வீட்டில் அவள் மட்டும் அதைத் தின்றதே இல்லை. உழைக்கிறவர்களுக்கும் வளர்கிறவர்களுக்கும்தான் சத்து வேண்டும், எனக்கெதுக்கு என்பாள். இருக்கிறதே கொஞ்சம், எல்லாருக்கும் பத்தட்டும் என்பாள். யாரும் இரண்டாவது தடவை வற்புறுத்தியதும் இல்லை. இத்தனை வருஷமாக மற்றவர்களுக்கு ஊட்டிய ருசி அவள் நாக்கில் இப்போதுதான் ஏறியது.

"கசக்குது" என்றாள்.

"துப்பும்மா. துப்பிடு."

அவள் துப்பவில்லை. வாயில் அதை வைத்துக்கொண்டே பேசினாள்.

"சொல்லுவாருடா. 'இன்னிக்குக் கொஞ்சம் கசக்குதே'ன்னு சொல்லுவாரு. நான் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக் குடுப்பேன். குடிச்சுட்டு, 'ஆங், இப்பச் சரியா இருக்கு'ம்பாரு. நீயும்தான் சொல்லியிருக்கே. உன் தங்கச்சி மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடிப்பா. எல்லாத்துக்கும் நான் சர்க்கரை போட்டேனேடா."

மேடையில் இருந்த அவளுடைய போன் அடித்தது. சின்னவளின் படம் வெளிச்சமானது. பெரியவன் பாய்ந்தான். அம்மா முந்திக்கொண்டாள். பொடி ஒட்டிய கை என்பதால், வழக்கம்போல் போனை மேடையிலேயே வைத்து ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"அம்மா! ஜாடி வந்துருச்சும்மா." பின்னால் பள்ளிக்கூடம் விட்ட இரைச்சல். "அண்ணன் எதுக்கு அத்தனை தடவை போன் போட்டிருக்கான்? அப்பாவுக்கு எப்படி இருக்கு? நான் காலையிலயே பொடியைக் கலந்து பாட்டில்ல ஊத்தி எடுத்துட்டு வந்துட்டேன், பசங்க நடுவுல குடிக்கலாம்னு. இந்தத் தடவை கொஞ்சம் கசப்பு ஜாஸ்திம்மா. பரவாயில்ல, நீ சொல்லுற மாதிரி சர்க்கரை கூடப் போட்டுக்கிட்டேன்."

அம்மா ஜாடியைத் தள்ளி வைத்தாள்.

"அம்மா? லைன்ல இருக்கியா?"

"துப்புடி."

"என்ன?"

"வாயில இருக்கிறதைத் துப்புடி. துப்பு. துப்பு."

"வாயில என்ன இருக்கு? எப்பவோ குடிச்சு முடிச்சுட்டேனேம்மா. ஏன், என்ன ஆச்சு? ஏன் அழுவுறே? அப்பாவுக்கு ஏதாவது... அண்ணா! அண்ணா, நீ இருக்கியா அங்க?"

பெரியவன் போனை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனான். "ஒண்ணும் இல்ல. பயப்படாதே. ஒரு நாள் குடிச்சதுல ஒண்ணும் ஆயிடாது. ஆனா இனிமே அதைத் தொடாதே, ஜாடியைத் தூக்கிப் போடு. நாளைக்கு டாக்டர்கிட்டப் போய் ரத்தம் குடுத்துப் பாத்துடு. நான் ராத்திரி எல்லாம் சொல்றேன்" என்றான். ஒரு நாள்! அந்த வீட்டிலிருந்து கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அவள் குடித்ததை அவன் கணக்கில் சேர்க்கவில்லை. அவளும் கேட்கவில்லை. ஆனால் போனை வைக்கும் முன் அவள் பக்கம் கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது. டீச்சர். விட்டுப்போன கணக்கை எப்படியும் போட்டுவிடுவாள்.

அவன் திரும்பி வந்தபோது, அம்மா தொட்டியின் மேல் குனிந்து நின்றிருந்தாள். துப்பியிருந்தாள். குழாயைத் திறந்து வாயைக் கொப்பளித்தாள். இரண்டு கையையும் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினாள். மறுபடியும் கழுவினாள். மருமகள் துண்டை நீட்டினாள். வாங்கவில்லை. அந்தக் கையால் எதையும் தொட இஷ்டமில்லாதவள்போல், ஈரத்தோடு அப்படியே தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அப்பா இதைத்தான் சொன்னார். அவனுக்குத்தான் அவளைத் தெரியவில்லை.

"அவர்தானே என்கிட்டச் சொல்லாதேன்னாரு?"

அவன் குழாயை இறுக மூடினான்.

"ஆஸ்பத்திரியில எத்தனை மணி வரைக்கும் உள்ள விடுவாங்க?"

"இன்னிக்கு வேண்டாம்மா. அவர் தூங்கிட்டு இருப்பாரு. நான் வாக்குக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

"எழுப்புறேன்." அவள் காலால் செருப்பைத் தேடினாள். "ஊர்ல ஒருத்தன் சரக்கையும் விட்டு வெக்காம துப்புன மனுஷன். நாக்குல பட்ட நிமிஷமே தெரிஞ்சிருக்கும் அவருக்கு. என் கையால குடுத்ததை மட்டும் ஏன்டா முழுங்கினாரு? அதைக் கேட்டுட்டு வந்துடுறேன். வண்டியை எடு."